நாய்தான் கண்டுபிடித்தது

காலை 11.40. கோர்சினைச் சரிந்து விழுந்த பனிக்குள்ளிருந்து வெளியே இழுத்தார்கள். மூச்சு நின்று வெகு நேரமாகியிருந்தது.

போலீஸ்காரி செரைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைக்கு மேலே இன்னும் பாதிப் பனி சரியாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு வெயில் அதன் மேல் விழும், அதற்குள் எல்லாரும் இறங்கியாக வேண்டும். சாயங்காலம் புதுப்பனி வந்து தடயம் அத்தனையையும் மூடிவிடும்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் கோர்சினின் மனைவி மெங்கியா காத்திருந்தாள். வழிகாட்டியின் பேச்சை மீறிப் போய்ப் புதைந்தான் என்ற செய்தி அதற்குள் அவள் காதுக்கு எட்டிவிட்டது. செரைனா மேலே கிளம்பியபோது மெங்கியா அவள் கையை விடவில்லை. "அவரு மீறிப் போற ஆளே இல்ல. ஊரு அப்படிப் பேசினா எம்புள்ளைங்க எப்படித் தலை நிமிரும்? நீயாவது கேட்டுப் பாரு."

கேட்கத்தான் வந்திருந்தாள்.

11.55. வழிகாட்டி ஜியேரி ஒரு பாறையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்குச் சரிஞ்சுதுண்ணே?"

"ஒம்பதே காலு. நான் இந்தப் பாறைகிட்டதான் நின்னேன். பனிச்சரிவு அபாயம் நாலாம் நிலைன்னு காலையிலயே அறிக்கை வந்தாச்சு, போகாதடான்னேன். கேக்கல."

"அப்புறம்?"

"முக்கா மணி நேரம் தேடுனேம்மா. ஒரு குழிகூடத் தோண்டுனேன். கருவியில சத்தமே இல்ல. அப்புறம்தான் டவர் கெடைக்கற எடத்துக்கு ஏறிப் போய் போன் போட்டேன்."

"உள்சட்டை வரைக்கும் நனைஞ்சிருக்கே."

"தோண்டினா வேர்க்காதா?"

மீட்புக் குழுத் தலைவன் பிளாசி கோர்சினின் நெஞ்சில் கட்டியிருந்த கருவியைக் கொண்டுவந்தான். அந்த மலையில் அது இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. நடக்கும்போது 'அனுப்பு' நிலையில் சிக்னல் விட்டுக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடு' நிலைக்கு மாற்றி அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"இது 'தேடு'ல கெடந்துச்சு. அதான் சிக்னலே வரல, நாய்தான் கண்டுபிடிச்சுது. பழைய கருவி, தானா 'அனுப்பு'க்குத் திரும்பாது" என்றான் பிளாசி.

"எப்பவுமே அஜாக்கிரதை" என்றார் ஜியேரி.

"கெளம்பும்போது, கருவி சிக்னல் விடுதான்னு பாக்கற சோதனைக் கம்பம் என்ன காட்டுச்சு?" என்று செரைனா கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் பச்சை. அதப் பாக்காம நான் யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்."

பிளாசி சிரித்தான். "பெரிய ஜாக்கிரதைதான். நாங்க வந்தப்ப இவரு கருவி விட்ட சிக்னல்தான் எங்க காதைக் கிழிச்சுது. மொதல்ல அத அணைய்யான்னு கத்த வேண்டியதாப் போச்சு. முப்பது வருஷ வழிகாட்டி!"

செரைனா சிரிக்கவில்லை. குழியைப் பார்க்கப் போனாள்.

12.20. கோர்சின் கிடந்த இடத்துக்கும் குழிக்கும் இரண்டே எட்டு. அவன் உடம்புக்கு அடியில் கிடந்த மடக்கு மண்வெட்டியின் பிடி தோண்டுவதற்காக முழு நீளத்துக்கு நீட்டி மாட்டியிருந்தது. குழிக்குள் பாதிக்கு விழுந்திருந்த பனியைத் தள்ளிவிட்டு அவள் இறங்கிக் குனிந்தாள். அடியில் ஒரு கையளவு இடம் மட்டும் கண்ணாடிபோல் வழவழவென்று உறைந்திருந்தது. மூன்று படம் எடுத்துக்கொண்டாள். மேலே காற்று வேகம் பிடித்தது. "சீக்கிரம் வா தாயி!" என்று பிளாசி கத்தினான்.

12.35. அவள் திரும்பி வந்து ஜியேரியின் முன்னால் நின்றாள்.

"கம்பம் பச்சை காட்டுச்சுன்னா காலையில கோர்சின் கருவி 'அனுப்பு'ல இருந்திருக்கு. மேல வந்து அவனே மாத்தியிருக்கான். யாராவது பொதைஞ்சாத்தான் மாத்துவாங்க. இங்க இருந்தது நீங்க ரெண்டு பேருதான்."

ஜியேரி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"முக்கா மணி நேரம் தேடுனதாச் சொன்னீங்க. தேடுனவரு கருவி எப்படிண்ணே 'அனுப்பு'லயே இருக்கும்? செத்தவன்தான் தேடியிருக்கான், உயிரோட இருக்கறவரத்தான் தேடியிருக்கான். நீட்டி மாட்டின மண்வெட்டியும் அவன்கிட்டதான் இருந்துச்சு, குழியத் தோண்டுனதும் அவன்தான். குழிக்கு அடியில மூச்சுக்காத்து பட்டுப் பனி உருகி உறைஞ்சிருக்கு. அந்த மூச்சு உங்களோடது. இந்த ஈரமும் வேர்வை இல்ல."

பிளாசியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. கருவிகள் இரண்டும் தலைகீழாக இருந்ததை அவனும்தான் பார்த்திருந்தான். ஒன்றை அஜாக்கிரதை என்றும், இன்னொன்றைப் பதற்றம் என்றும் விட்டுவிட்டிருந்தான்.

"நாந்தான் மொதல்ல எறங்குனேன்." ஜியேரியின் குரல் உடைந்தது. "அவன் வேணாம்னான். என்னை வெளிய இழுத்து நிமிர்றதுக்குள்ள மேலேர்ந்து ரெண்டாவது தடவையும் சரிஞ்சு அவனை மூடிருச்சு. இன்னொண்ணு வரும்னு பயந்து பாறைக்குப் பின்னால ஓடிட்டேன்."

செரைனா கார் நிறுத்துமிடத்தின் பக்கம் கைகாட்டினாள். "கீழ அவ நிக்கிறா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

1.50. கார் நிறுத்துமிடத்தில் அவர் சொன்னார். மெங்கியா அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நிமிஷத்துல உங்கள எடுத்தாரு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"நீங்க எத்தன நிமிஷம் தேடுனீங்க?"

ஜியேரி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பதில் வரும்வரை அங்கேயே நின்றாள்.