ஊசியைத் தூக்கிய கை

பர்மா நூடுல்ஸான மொஹிங்கா சாப்பிட்ட கையோடு நான் அந்த இசைத்தட்டைத் தொட்டிருக்கக் கூடாது. கறுப்புப் பளபளப்பின் மேல் என் கட்டைவிரல், மீன்குழம்பு எண்ணெயோடு, குடக்கூலி கொடுக்காமல் குடியேறிவிட்டது.

"ஐயோ, சின்னத்தம்பி அண்ணே! அப்பா கடைசியாக் கேட்டது அது!" என்று அம்சவேணி பதறினாள்.

சைதா அக்கா தட்டை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க்காரர்களைக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். இப்போது தெரிந்தவர்களுக்காக மட்டும் துப்பறிகிறார். நான் அவருக்குக் கார் ஓட்டுபவன், பை தூக்குபவன், அவ்வப்போது தடயத்தை அழிப்பவன்.

அம்சவேணியின் அப்பா தனசேகரன் எங்கள் ஊர் க்யிம்யிண்டைங் பேட்டையில் பழைய அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுத் தட்டுகளைச் சேர்த்தவர். கன்ட்ரி என்றால் நாட்டுச் சரக்கு என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். இறந்த அன்று சாயங்காலம்தான் பினாங்கிலிருந்து இந்தத் தட்டு வந்ததாம். மகளை அருகில் வைத்துக்கொண்டு, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. உறையின் மூலையில் பென்சிலால் 'நியர் மின்ட்' என்று எழுதினார். புத்தம் புதிதுக்கு அடுத்த தரம். கீறல் இருந்தால் 'விஜி', அதாவது வெறும் 'வெரி குட்' என்று இறக்கிவிடுவார்.

அப்புறம் சண்டை. "இந்தத் தட்டுங்கதான் உங்க புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஊரின் மறுகோடியில் தாகேதாவிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் திரும்பி வந்தபோது அப்பா தரையில் கிடந்தார். பக்கவாதம்.

"விழுந்தப்புறம் ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆள் இருந்திருந்தா பொழைச்சிருப்பாராம். நான்தானேக்கா கொன்னுட்டேன்?"

அக்கா யாருக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. மணி என்ன என்று கேட்டால், எதற்கு என்பார்.

"உள்ள போனதும் என்ன பார்த்தே?"

"ராத்திரி பூரா மீ இல்ல, அப்பதான் வந்துச்சு." எங்கள் ஊரில் மின்சாரத்துக்கு அதுதான் பெயர். "ப்ளேயர் தன்னால சுத்த ஆரம்பிச்சது. மேல தட்டு இல்ல. அது உறைக்குள்ள அழகா இருந்துச்சு, நான் வெளியவே எடுக்கல. சார்ஜ் லைட்டு பக்கத்துலயே இருக்கு, போடாம."

அக்கா தட்டைச் சாய்த்தார். இரண்டாம் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். என் திருவிரலைத் தவிர வேறு ஒரு ரேகையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் விழுந்த அதே அறையில் இரண்டு பேரை வரவழைத்தார். தனசேகரனின் தம்பி அப்பாசாமி. தட்டுகளை விலைக்குக் கேட்டிருந்த சேகரிப்பாளர் யாசர்; பர்மிய வழக்கப்படி 'கோ' யாசர், அதாவது யாசர் அண்ணன். அந்த வாரம் இந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள் இருவரும்.

அலமாரியிலிருந்து ஏதோ ஒரு தட்டை உருவி அப்பாசாமியிடம் கொடுத்தார் அக்கா. அவர் அதை அப்பளம் போல ஐந்து விரலாலும் அமுக்கிப் பிடித்தார். என் கட்டைவிரலுக்குத் துணை கிடைத்தது.

பிறகு பினாங்குத் தட்டை உறையோடு யாசரிடம் நீட்டினார். "இதுக்கு என்ன தரம், கோ யாசர்?"

"விஜி போடலாம்."

"நியர் மின்ட்னு எழுதியிருக்காரே?"

"ரெண்டாம் பக்கத்துல அவ்ளோ பெரிய கீறல் இருக்கே, எப்படி?"

"நீங்க உறையைத் தொறக்கவே இல்லையே."

அப்பாசாமி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலம் இந்தக் கீறல் இல்ல. அவர் விழுந்து மேசை ஆடினப்போ ஊசி இழுத்திருக்கு. அப்புறம்தான் மீ போயிருக்கு. எழுந்து லைட்டைப் போட அவரால முடியல. அப்போ இருட்டுல தட்டை எடுத்தது யாரு? இந்தச் சின்னத்தம்பி எடுத்திருந்தா ரேகை இருக்கும். அவர் தம்பி எடுத்திருந்தா அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கும். விளிம்பைப் பிடிச்சு எடுத்து, போன் வெளிச்சத்துல கீறலைப் பார்த்து, உறையில போட்டுட்டுப் போக ஒரு சேகரிப்பாளராலதான் முடியும். அவர் இருக்கிற வரைக்கும் இதுல ஒண்ணுகூட உங்க கைக்கு வராது, இல்லையா? ஆனா தட்டை ஊசிக்கடியில விட்டுட்டுப் போக உங்களுக்கு மனசு வரல. மனுஷனை விட்டுட்டுப் போக வந்துச்சு."

யாசர் உறையின் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மடங்கிய காகிதத்தை நீவும் அந்த விரல்களில் எவ்வளவு பரிவு!

அம்சவேணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நானே கேட்டேன்: "நீங்க ஊசியைத் தூக்கினப்போ, அவருக்கு நினைவு இருந்துச்சா?"

யாசர் உறையைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சு. 'வேணியைக் கூப்பிடு'ன்னு சொன்னாரு."