பத்து வோல்ட்

பம்ப் ஓடவில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆனாலும் மீட்டரில் எண் இறங்கியது.

திருச்சுழி ரோட்டு நூல் மில்லுக்கு அன்று வார விடுமுறை. உச்சி வெயிலில் தகரக் கூரை படபடத்து நெளிய, எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, மில் எலெக்ட்ரீஷியன் மதன்குமார் ஒற்றை ஆளாக அந்த இரும்புச் சேம்பரின் முன்னால் உட்கார்ந்திருந்தான். நூல் கோன்களை வண்டியோடு உள்ளே தள்ளிக் கதவடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு நீராவி ஏற்றுகிற சேம்பர். ஒரு லாரியே நுழையும். உள்ளே எவ்வளவு காற்று என்று கேஜ் பார்க்கும். கண்ட்ரோலர் அதை வோல்ட்டாக மாற்றி, கதவையும் பம்பையும் இயக்குகிற பேனலுக்குச் சொல்லும். காற்று நிறைந்திருந்தால் பத்து, காலியானால் பூஜ்யம். அவ்வளவுதான் சங்கதி.

பத்து. ஒன்பதே முக்கால். ஒன்பதரை. மறுபடி பத்து. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

போன மாசியில் வீரணன் செத்தது இதே சேம்பரில்தான். அன்று பேனலைச் சோதிக்க மதன், கேஜ் என்ன காட்டினாலும் மாறாதபடி வோல்ட்டைப் பத்திலேயே பூட்டினான்; எடுத்துவிட மறந்து டீ குடிக்கப் போய்விட்டான். சிக்கிய வண்டிச் சக்கரத்தை எடுக்கப் போன வீரணன் உள்ளே இருக்கும்போதே கதவு மூடி, பம்ப் ஓடியது. உள்ளே ஆபத்துக் கயிறு உண்டு. இழுத்தால் பேனல் காற்றைத் திறந்துவிடும். வீரணன் அது அறுந்து போகிறவரை இழுத்தான். உள்ளேதான் பத்து வோல்ட் காற்று இருக்கிறதே, எதற்குத் திறக்க வேண்டும் என்று பேனல் சும்மா இருந்துவிட்டது.

முதலாளி கேட்டபோது மதன் கூசாமல் சொன்னான்: “குடிச்சிட்டு உள்ள படுத்துத் தூங்கிட்டான் அண்ணாச்சி.”

வீரணன் பீடிகூடத் தொடாதவன். செத்தவனா வந்து சாட்சி சொல்லப் போகிறான்! ஊர் நம்பியது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரோடு பொன்னுத்தாய் இன்றும் எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் தலை குனிந்து ஏறுகிறாள். பாவி, அதே பஸ்ஸில்தான் இவனும் வருகிறான்.

போன் அடித்தது. முதலாளி சங்கரபாண்டியன்.

“என்னப்பா மதன், முடிஞ்சுதா? நாலு மணிக்கு ஆபீசர் சோதனைக்கு வாராக. எண்ணு ஆடுச்சுன்னா பழைய கதையைக் கிளறிருவாக.”

“இந்தா முடிஞ்சிரும் அண்ணாச்சி.”

கோளாறு வயரிலா கேஜிலா என்று பார்க்க, வோல்ட்டைப் பத்தில் பூட்டினான். எண் அசையாமல் நின்றது. அப்படியானால் வயர் சரி. கேஜின் வாயில்தான் பஞ்சு அடைத்திருக்கும். கேஜ் இருந்தது சேம்பரின் பின்சுவரில். போனைப் பேனல் மேல் வைத்துவிட்டு டார்ச்சோடு உள்ளே போனான்.

பஞ்சு இல்லை. கேஜின் வாயில் விரலை வைத்தான். வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.

பின்னால் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

கதவு.

மூடிவிட்டது. பம்ப் உறுமியது. காது அடைத்தது. கயிற்றுக்கு ஓடினான். இழுத்தான். இழுத்தான். அப்போதுதான் உறைத்தது.

பத்து. பூட்டியது பூட்டியபடி.

கதவின் வட்டக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வெளியே பேனல் மேல் போன் மினுங்கியது. அண்ணாச்சிதான்.

ஒரு கை அதை எடுத்தது. நகக்கண் எல்லாம் அறுந்த கயிற்றின் நார். வீரணன் போனைக் காதில் வைத்து, கண்ணாடி வழியே மதனையே பார்த்தபடி, நிதானமாகப் பேசினான். உதடு அசைவது தெளிவாகத் தெரிந்தது.

“குடிச்சிட்டு உள்ள படுத்துத் தூங்கிட்டான் அண்ணாச்சி.”