திசை மாறிய கம்பளம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியறையில் சாரதாம்பாள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது வச்சலா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். தட்டுகிற நிலையில் அவள் இல்லை.

“என் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில மூச்சு வுட முடியாம கெடக்குறாருக்கா. அவரு மேலயே கேஸ் போடறேன்னு சொல்லிகினு கீறாங்க!”

அவள் கணவர் நீலமேகத்துக்கு நீச்சல் குளம் கழுவுகிற வேலை. மாமல்லபுரம் கடலோரத்துச் சொகுசு விடுதி ஒன்றில், முந்தின நாள் கறை பிடித்த குளத்தை வடித்துவிட்டு, தண்ணீரில் ஆசிட் கலந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஆழமான பக்கத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். தோட்டக்காரர் மணி தற்செயலாக எட்டிப் பார்த்துத் தூக்கியிராவிட்டால் பிணம்தான். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்து விஷப்புகை கிளம்பியிருந்தது. குடித்துவிட்டு வந்து அவரே பவுடரைக் கொட்டினார் என்று விடுதி மேலாளர் ரோஹித் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

“மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு செவ்வாடை கட்டிகினு கீற மனுசன் குடிப்பாராக்கா? பொழைச்சு வந்தாலும் நேரா ஜெயிலுக்குத்தான் போவணுமா?”

அங்கே இருந்த பூபாலனுக்கு ரத்தம் கொதித்தது. முன்பு லோடு ஆட்டோ ஓட்டிய அவர், இப்போது சாரதாம்பாளுக்குக் காரும் ஓட்டுவார், துப்பும் தேடுவார். போலீஸ் தடய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. சில நேரம் அதுவே அவருக்கு எரிச்சல்.

“வண்டிய எடு, பூபாலா. வச்சலா, நீயும் வா” என்றார் சாரதாம்பாள்.

விடுதியின் வரவேற்புக் கூடம் வெள்ளைப் பளிங்கில் பளபளத்தது. சாரதாம்பாள் போனில் அழைத்திருந்ததால் இன்ஸ்பெக்டர் தீனதயாளன் முன்பே வந்திருந்தார். ரோஹித் கோட்டும் டையும் போட்டு, காலில் மட்டும் ரப்பர் செருப்போடு நடந்து வந்தார்.

“நாளைக்கு இங்க பெரிய கல்யாணம், மேடம். அந்தக் குடிகாரனால எனக்கு எவ்வளவு பேஜாரு தெரியுமா?”

குடிகாரனாம்! பூபாலன் பல்லைக் கடித்தார்.

“நேத்து நீங்க குளத்துப் பக்கம் போனீங்களா?” என்று சாரதாம்பாள் கேட்டார்.

“ரூமை விட்டே வெளிய வரல.”

“நீலமேகம் இந்தக் கூடத்துக்குள்ள வந்தாரா?”

“இந்த மார்பிள்ல வேலையாளுங்களைக் கால் வைக்கவே வுட மாட்டோம். அவங்களுக்குப் பின்பக்க கேட்டு.” அதைச் சொல்வதில் அவருக்குப் பெருமை வேறு.

எல்லோரும் குளத்துக்குப் போனார்கள். கூடத்தை ஒட்டிய ஆழமில்லாத பக்கத்தில், படிக்கட்டு ஓரமாகப் பிளீச்சிங் பவுடர் குவியலாகக் கொட்டிக் கட்டிதட்டியிருந்தது. நீலமேகத்தின் பிரஷ்ஷும், அவரைத் தூக்கியபோது கழன்ற ரப்பர் கம்பூட்ஸும் மறு கோடியில், ஆழத்தில் கிடந்தன. சாரதாம்பாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். குளத்துக் கதவிலிருந்து மேலாளர் அறை வரை ஒரு சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது.

“இது யாருக்கு விரிச்சது?”

“கல்யாண வீட்டாருக்கு.”

“அவங்க வாசல் வழியா வருவாங்களா, குளத்துலேருந்து ஏறி வருவாங்களா?”

“பூபாலா, அதைச் சுருட்டு” என்றார் சாரதாம்பாள்.

பூபாலன் ஒரே இழுப்பில் சுருட்டினார். பளிங்கில் மங்கலாகக் காலடிகள் தெரிந்தன. கூர்மூக்கு ஷூவின் தடங்கள்.

“துடைச்சா போற அழுக்கு இல்ல, சார்” என்று சாரதாம்பாள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். “ஆசிட்ல நனைஞ்ச ஷூ பளிங்குல பட்டா கல்லையே அரிச்சுடும். நீலமேகம் போட்டிருந்தது கம்பூட்ஸ். அவரு இந்தக் கூடத்துக்குள்ள வரவும் இல்ல. கல்யாணத்துக்குள்ள கறை வெளுக்கணும்னு அவசரப்பட்டு, ஆசிட் ஓடிக்கிட்டிருந்த தரையில இறங்கிப் பவுடரக் கொட்டினது வேற ஆளு. ரோஹித், உங்க ஷூ எங்க?”

“எனக்கு... அப்படி ஆவும்னு தெரியாது” என்றார் ரோஹித்.

“தெரியாம கொட்டினீங்க, சரி. ஆனா தடத்தைப் பாருங்க, எவ்வளவு எட்டி எட்டி இருக்கு! புகை வந்ததும் ஓடியிருக்கீங்க. அந்தப் புகை காத்தை விடக் கனம், பள்ளத்துலதான் இறங்கும். பள்ளத்துல நின்னது நீலமேகம். உங்க ரூம் வரைக்கும் தடம் இருக்கு. அவரைத் தூக்கத் திரும்பிப் போன தடம் ஒண்ணு கூட இல்லியே!”

சாரதாம்பாளின் குரல் உயர்ந்ததைப் பூபாலன் முதன்முறையாகக் கேட்டார். இன்ஸ்பெக்டர், நீலமேகத்தின் மேல் எழுதிய புகார் இனி செல்லாது என்று சொல்லிவிட்டு, ரோஹித்தை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

வச்சலா வழியை மறித்து நின்றாள். அவள் வெறுங்கால் அந்தப் பளிங்கின் மேல் இருந்தது.

“இறங்கித் தூக்க வேணாம்யா. மணி அண்ணாத்த பக்கத்துத் தோட்டத்துலதான இருந்தாரு? ஓடிக்கினே ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?”

ரோஹித் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் அவருடைய ஷூத் தடம்தான் இருந்தது.