இருநூறு தட்டும் ஒரு சாவியும்

போன் அலறியது.

"சார்... கொலை! என் வீட்டுல கொலை சார்!"

இன்ஸ்பெக்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பத்தாவது நிமிடம், ஏட்டோடு அந்த மாடி வீட்டில் இருந்தார்.

கூடம் முழுக்க இசைத்தட்டுகள், எல்லாம் நெடுநேரம் ஓடும் 'லாங் ப்ளே' ரகம். மூன்று சுவர் ஜாஸ். ஒரு சுவர் சிம்பொனி.

"பிணம் எங்கே?"

ரெக்கார்டுக்காரர் தரையைக் காட்டினார். அறுபது வயது. கையில் வெள்ளைக் கையுறை. கண்ணில் நீர்.

தரையில் ஒரு கறுப்பு இசைத்தட்டு... நான்கு துண்டாக!

"இதுக்கா கொலைன்னு கத்துனீங்க?" ஏட்டு சிரிப்பை அடக்க இருமினார்.

"சாதாரணத் தட்டா இது? ட்ரம்பெட் ஜாஸ்! அந்த ஆளு மொத்தமே இருநூறு காப்பிதான் போட்டான். தட்டை அடுக்கியிருந்த குடோன் தீயில அவனும் போயிட்டான், தட்டும் போச்சு. உலகத்துல மிச்சம் இது ஒண்ணுதான் சார்! அதைப் போய் இவ..."

மூலையில் நின்றாள் அவள். முப்பது வயதிருக்கும். ரெக்கார்டு பிளேயர் மெக்கானிக். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"ஊசி மாத்த வந்தேன் சார். வேணும்னுதான் உடைச்சேன்."

"ஏம்மா?"

"அந்த ட்ரம்பெட்காரர் எங்கப்பா."

ரெக்கார்டுக்காரரின் முகம் வெளுத்தது!

"கப்பல்லயும் ஹோட்டல்லயும் வாசிச்சு, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அந்த ஒரு தட்டைப் போட்டார். இந்த ஆள் வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனார். மறுநாளே குடோன் எரிஞ்சது... உள்ள அப்பா!"

"மின்கசிவுன்னு கேஸை மூடியாச்சு சார்!" ரெக்கார்டுக்காரர் பாய்ந்தார்.

"சாம்பலை அள்ளினது நான். நூத்தித் தொண்ணூத்தொன்பது தட்டு எரிஞ்சிருந்தா தார் மாதிரி உருகி ஓடியிருக்கணும். ஒரு சொட்டு இல்ல! பதினோரு வருஷமா சொல்றேன்... கேக்க ஆளில்ல."

"கதை விடறா! தூக்கி உள்ள போடுங்க!"

"போடட்டும்." அவள் நிதானமாகத் திரும்பினாள். "ஆனா சார், உள்ரூம் அலமாரியையும் நான் சும்மா விடல. பின்பலகையில நாலு ஸ்க்ரூதான். கழட்டி, ஒரு பாட்டில் ஆசிட்டை ஊத்திட்டேன்."

"அய்யோ!"

ரெக்கார்டுக்காரர் ஓடினார். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே.

கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவி. க்ளிக்!

உள்ளே...

ஒரே நீல அட்டை. வரிசை வரிசையாக. ஒரு கீறல் இல்லை. ஆசிட்டும் இல்லை!

"அப்பாடா... ஒண்ணும் ஆகல!" அட்டைகளைத் தடவியவர், அப்போதுதான் தோளில் விழுந்த கையை உணர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒன்றை உருவினார். மூலையில் பேனா எழுத்து: 87/200. கீழே ட்ரம்பெட்காரரின் கையெழுத்து.

"எண்ணுங்க ஏட்டய்யா!"

எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது!

"பூட்டின அலமாரி, சாவி இவர் கழுத்துல... பார்த்ததுமே சந்தேகம் வந்துச்சு. ஆனா அதை நான் தொடவே இல்ல சார்," என்றாள் வாசலில் நின்றவள். "நான் கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்க. இவர் கூப்பிடணும்... இவர் கையாலயே திறக்கணும். அதுக்காக அப்பா வாசிச்சதை நானே உடைச்சேன். கை கூசுச்சு."

"ஏன்யா இப்படிச் செஞ்சே?" இன்ஸ்பெக்டர் ரெக்கார்டுக்காரரை உலுக்கினார்.

"ஒண்ணே ஒண்ணுன்னாத்தான் சார் அதுக்குப் பேரு..." அவர் முனகினார். "மத்ததையும் உடைக்கத்தான் நினைச்சேன். தட்டாச்சே... மனசு வரல."

"எங்கப்பாவைக் கொளுத்த மட்டும் வந்துச்சா?"

பளார்! அவள் கைதான்.

ஏட்டு அந்த நேரம் பார்த்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சாட்சிப் பொருளைச் சோதிக்கணும்ல?" இன்ஸ்பெக்டர் 87-ஐ அவளிடம் நீட்டினார்.

அவள் ஊசியை மெல்ல இறக்கினாள்.

ட்ரம்பெட் எழுந்தது. பதினோரு வருடம் கழித்து அப்பாவின் மூச்சு! அவள் சுவரில் சாய்ந்தாள். பாட்டு முடிந்த பிறகுதான் ஏட்டு விலங்கை எடுத்தார்.

விலங்கு மாட்டிய கையோடு ரெக்கார்டுக்காரர் கேட்டார்:

"எனக்கு... எவ்வளவு நாள் தண்டனை கிடைக்கும்?"

ஏட்டு அவரை வாசல் பக்கம் தள்ளினார்.

"உங்க தரத்துக்குச் சின்னத் தட்டு சரிப்படுமா சார்? உங்களுக்கு... லாங் ப்ளேதான்!"