இலஞ்சி வீட்டுக்கு மட்டும் அனுமதி

மவுஸ் மேஜைமேல் சும்மா கிடந்தது. இசக்கிசெல்வியின் இரண்டு கையும் டீ டம்ளரைப் பிடித்திருந்தன. ஆனாலும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

அப்படி ஒன்றும் பெரிதாக நகர்ந்துவிடவில்லை. ஒரு விரற்கடை தூரம் வலப்பக்கம் போய், தயங்கி, நின்றுவிட்டது. மவுஸுக்கு அடியில் தூசி இருக்கும் என்று அவள் அதைத் தூக்கி ஊதி, துப்பட்டா நுனியால் துடைத்து வைத்தாள். வைத்த கை சும்மா இருக்கவில்லை. டம்ளரை எடுத்தது, குடிக்காமல் வைத்தது, பேனா மூடியைக் கழற்றி மாட்டியது. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரில் மத்தியானத்தோடு கடைசி நோயாளியும் போய், ரிசப்ஷன் பெண்ணும் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியாயிற்று. வெளியே சாரல். அது என்றைக்குச் சத்தம் போட்டுப் பெய்திருக்கிறது? ஜன்னலில் ஒட்டி, ஏ.சி. பெட்டியின் தகரத்தில் விட்டு விட்டுச் சொட்டி, சுவரில் ஊறி, உள்ளே இருந்த பினாயில் வாடையோடு காயாத துணியின் வாடையையும் கலந்துவிட்டிருந்தது. பட்டப்பகலிலேயே பின்னறை இருட்டிக் கிடந்தது. சர்வரின் பச்சை விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சென்டரில் எடுக்கிற எல்லாப் படமும் அந்தச் சர்வரில்தான் இருக்கிறது. ராத்திரியில் ஏதாவது மக்கர் பண்ணினால் வீட்டிலிருந்தே திறந்து சரிசெய்ய வேண்டும், வெளியூர் டாக்டரும் பார்க்க வேண்டும் என்று, மூன்று வருஷத்துக்கு முன், சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் செல்விதான் ஒரு ரிமோட் வழி போட்டுக் கொடுத்தாள். வழி நல்ல வழிதான். ஆனால் அது இன்டர்நெட்டைப் பார்த்து ஆவென்று திறந்து கிடந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் வந்து தட்டலாம், வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நேற்று ஒரு நாளில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம் தட்டல்.

அடைத்துவிடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஒரே பாட்டைத்தான் பாடினார். "ஏம்மா, அடைச்சுப் போட்டா டாக்டர் எப்படிப் பாப்பாரு? திங்கக்கிழம பாத்துக்கிடலாம்." மூன்று வருஷமாக அந்தத் திங்கட்கிழமை வரவேயில்லை.

நேற்று அவள் சர்வரின் பதிவேட்டை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். பதினோராயிரம் தட்டலுக்கு நடுவே எவனோ உள்ளே வந்திருந்தான். அவளுடைய பெயரில், அவளுடைய பாஸ்வேர்டில். எட்டு நாளாக வந்துகொண்டிருந்தான். எந்த விலாசத்திலிருந்து என்று சொல்ல வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எதையும் அழிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஒரே ஒரு படத்தை மட்டும் நாற்பத்தொரு தடவை திறந்து பார்த்திருந்தான். போன வருஷம் பள்ளிக்கூடப் படியில் விழுந்த ஒரு பிள்ளையின் இடது கை எக்ஸ்ரே. பெயர் ஆஷிகா. வயது ஏழு.

செல்வியின் மகள்.

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணாச்சியே ஆடிப்போய், "அடைச்சுப் போடும்மா, இப்பவே அடைச்சுப் போடு" என்றார். எவனோ வெளிநாட்டுக்காரன், கிறுக்கன், கம்ப்யூட்டர் தானாகத் திறந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே நூறு சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நாற்பத்தொரு தடவையா?

பிள்ளைக்கு இன்றைக்குச் சளி வேறு. மாமியார் சந்தனமாரி பார்த்துக்கொள்வாள் என்றுதான் விட்டுவிட்டு வந்திருந்தாள். ரோட்டைக் கடக்கும்போது அம்மாவின் ஆள்காட்டி விரலை ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அது. காலையில் வாசலிலும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

வீடும் இப்போது வீடாகவா இருக்கிறது? சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தைச் சுற்றியிருக்கிற யார் வீட்டுக் கதவும் சாத்துவதில்லை. இலஞ்சி வீட்டில் இந்த வாரம் மட்டும் பதினான்கு தலை. யார் யாருக்கு என்ன முறை என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர வந்தவரிடம் வேறென்ன கேட்க முடியும்? மாடி அறையில் இருக்கும் பெரியவர் கணவரின் கடையத்து மாமா. அவரால் தொந்தரவு ஒன்றும் கிடையாது. தலையை நிமிர்த்தாமல் தயிர்சாதம் சாப்பிடுவார், மேலே போய்விடுவார். அருவிக்கு ஒருநாளும் போகாத மனிதர். ஆனால் அவருடைய துண்டு மட்டும் எப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாக மாடிப்படிக் கம்பியில் கிடக்கும். வந்த அன்றைக்கே வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். ஆஷிகாதான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் கையில் போன் எதையும் செல்வி பார்த்ததில்லை.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று நாற்காலியை இழுத்துப்போட்டாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு கதவை ஒவ்வொன்றாக அடைத்தாள். வெளியூர் டாக்டர்களுக்கு நாளைக்குத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும் உள்ளே வரலாம். அது அவள் வீடு. இலஞ்சியின் கேபிள்காரர் கொடுத்த இணைய விலாசம் மனப்பாடமாகவே இருந்தது. அடித்தாள். மற்ற எல்லாருக்கும் தடை என்று போட்டு, அழுத்தினாள்.

நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருந்த தட்டல்கள் அப்படியே நின்றன. தெருவில் ஒரு கல்யாண ஊர்வலத்தின் மேளம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. இத்தனை நாளும் எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

இந்தத் தடவை தயங்கவில்லை. திரையின் குறுக்கே நிதானமாக நடந்தது. படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனது. வருஷத்தைத் திறந்தது. மாதத்தைத் திறந்தது. தேடவே இல்லை. வழி தெரிந்தவர் நடை அது.

ஆஷிகாவின் கை திரையில் விரிந்தது. கறுப்புக்குள் வெள்ளையாக ஐந்து சின்ன விரல். மணிக்கட்டில் முடிபோல ஒரு விரிசல்.

செல்வி இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். இப்போது உள்ளே இருப்பவர்: ஒருவர். எங்கிருந்து என்ற இடம் இன்றைக்கு வெறுமையாக இல்லை. அந்த எண்களை அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை விரலை வைத்துப் படித்தாள்.

வீட்டு விலாசம்.

வீட்டில் கம்ப்யூட்டர் என்று இருப்பது அவளுடைய லேப்டாப் ஒன்றுதான். அது அவள் காலடியில் பைக்குள் இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

மாமியாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கணவன் முத்துகுமரனுக்குப் போட்டாள். முதலில் அருவியின் இரைச்சல்தான் வந்தது.

"ஏட்டி, சத்தமாப் பேசு! ஐந்தருவில நிக்கோம். செம கூட்டம்!"

"ஏங்க, அத்தை போன எடுக்கல. வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மையும் இங்கனதான் குளிக்கா. தண்ணி நல்லா விழுதுன்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

"பாப்பா?"

"சளியோட அவள எப்படிக் கூட்டிட்டு வர? மாமா பாத்துக்கிடுதேன்னாரு. அவருதான் எங்கள எல்லாம் போயிட்டு வாங்கன்னு கிளப்பி விட்டதே."

"எந்த மாமா?"

"மாடி ரூம்ல இருக்காருல்லா, உங்க வீட்டு ஆளு. உங்க அம்மா வழின்னு…"

"எங்க அம்மா வழில எனக்கு ஏதுங்க மாமா? அவரு உங்க கடையத்து மாமால்லா?"

அருவியின் இரைச்சல் சற்றே குறைந்தது; அவன் கூட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும்.

"செல்வி," என்றான் அவன். குரலே மாறிப்போயிருந்தது. "கடையத்துல இருந்து யாரும் வரலியே. நீதான் அன்னைக்கு அவருக்குச் சோறு போட்டே. உன் ஆளுன்னுல்லா நான்…"

"ஓடுங்க! வீட்டுக்கு ஓடுங்க!"

அவன் யாரையோ தள்ளிக்கொண்டு கத்துவது கேட்டது. தொடர்பு அறுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐந்தருவியிலிருந்து இலஞ்சிக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். தென்காசியிலிருந்து பத்து நிமிஷம். செல்வி பையை எடுத்தாள். செருப்பைத் தேடினாள். பிள்ளை விளையாட வீட்டில் ஒரு பழைய போன் கிடக்கும். அதற்குப் போட்டாள். ஒருமுறை மணி அடித்தது. இரண்டாம் முறை அடித்தது.

"அம்மா!"

உயிர் வந்தது அவளுக்கு. "எம் பொன்னே, நல்லாக் கேளு. வாசலுக்குப் போ. எதுத்த வீட்டுக்கு ஓடு."

"முடியாதும்மா. மாமா கையப் பிடிச்சிருக்காரு."

"எந்தக் கைய?"

"அன்னைக்கு விழுந்தேம்லா, அந்தக் கைய. ஜில்லுன்னு இருக்கும்மா அவரு கை. ஈரமா இருக்கு."

"என்ன செய்யுதாரு?"

"ஒண்ணும் செய்யல. எண்ணுதாரு."

"எத?"

"எலும்ப." பிள்ளை மூக்கை உறிஞ்சியது. "இருபத்தேழு இருக்காம்."

ஒரு கால் செருப்பில் இருந்தது. மறு கால் தரையில். அம்புக்குறி அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அடைக்கத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். ஒரு கையில் போனோடு குனிந்து, வீட்டு விலாசத்தை அழித்தாள். அனுமதி: யாருக்கும் இல்லை. உள்ளே இருப்பவர்: யாரும் இல்லை.

அம்புக்குறி நிற்கவில்லை.

பழைய படத்தை மூடியது. புதிதாக ஒன்றைத் திறந்தது. ஆஷிகா, வயது எட்டு. இன்றைய தேதி. மணி நாலு ஐம்பத்திரண்டு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

அதே சின்னக் கை. அதே விரிசல், இப்போது ஆறி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி இன்னொரு கை. பெரியது. விரலுக்கு மூன்று கணு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து, ஆறு. சின்ன விரல்கள் விறைத்து விரிந்து நின்றன.

"அம்மா, மாமா கூப்பிடுதாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவமான்னு கேக்காரு."

"போகாத! பாப்பா, போகாத!"

போன் ஊமையாகிவிட்டது.

திரையில் அடுத்த படம் திறந்தது. நாலு ஐம்பத்து மூன்று.

சின்ன விரல்கள் இப்போது விரிந்து நிற்கவில்லை. மடங்கியிருந்தன. அந்த நீண்ட ஆள்காட்டி விரலை, ஐந்து விரலாலும் சுற்றி, இறுக்கமாகப் பிடித்திருந்தன.