கூடையில் கிடந்த கையுறை

திங்கட்கிழமை காலை தொட்டி நாறவில்லை. அதுதான் முதல் கோளாறு.

ஞாயிறு முழுக்க, இரும்பைக் கடையும் லேத்துகள் ஓய்ந்து கிடந்தால், சுழலும் இரும்பின் சூட்டைத் தணிக்க ஓடுகிற பால் நிறக் கூலன்ட், தரையடித் தொட்டியில் தேங்கிக் கிருமி பிடித்து, மறுநாள் ஷட்டரைத் தூக்கியதுமே அழுகின முட்டை போல நாறும். கிருமி வளராமல் அதில் மருந்து ஊற்றுவது அவள் வேலை. பட்டறையில் அவளுக்குப் பெயரே மருந்துக்காரிதான். தொட்டிக்கு ஒரு குவளை என்பது அளவு. "இன்னொரு தடவை நாத்தம்னு எவனாவது வந்து நின்னா உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்" என்று மேலாளர் சொன்ன நாளிலிருந்து, யாருக்கும் தெரியாமல் நான்கு குவளை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று துளி வாடை இல்லை. அதற்குப் பதிலாக மூக்கின் உச்சியில் ஊசி இறக்குவது போல ஒரு சுத்தம். கண் எரிந்தது.

வடிகட்டிக் கூடையைத் தூக்கினாள். இரும்புச் சுருள்களுக்கு நடுவே, தொளதொளவென்று, வெள்ளையாக ஒரு கையுறை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேத்தில் கையுறை போடவே கூடாது. இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக், கையுறையின் நுனியைக் கவ்வினால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். அதனால்தான் எல்லாரும் வெறுங்கையோடு கூலன்டில் அளைகிறார்கள். கூடை இருந்தது ஏழாம் லேத்தின் அடியில். அதை ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி.

"ஏண்டா, கிளவுஸ் போட்டுக்கிட்டா ஓட்டுறே?"

"இல்லையேக்கா." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? தொட்டி குட்டி போட்டுச்சா?"

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ரொம்ப அரிக்குதுக்கா. தூங்கவே முடியல. அந்த மருந்தைக் கொஞ்சம் குறையேன்."

"குறைச்சா நாறும். நாறினா எனக்கு வேலை போயிடும். எண்ணெய் தடவிக்கோ, சரியாயிடும்."

கையுறையைக் குப்பையில் எறிந்துவிட்டுக் குழாயடியில் கை கழுவினாள். விரலிடுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. வழித்துப் பார்த்தாள்.

நகம்.

செவ்வாய்க்கிழமை கூடையில் இரண்டு கிடந்தன. இந்த முறை ஒன்றை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பிடித்தாள். தையல் இல்லை. உள்ளங்கையில் ரேகை ஓடியது. கட்டைவிரலில் பிறை போல ஒரு தழும்பு. அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும். தம்பிக்கு ஐந்து வயதில் கதவை அறைந்து சாத்தி அவன் விரலை நசுக்கியவள் அவள்தான். அன்றும் தான் செய்ததை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழாம் லேத்துக்கு ஓடினாள். "கையைக் காட்டு."

காட்டினான். கைகள் முழுசாக இருந்தன. பிறந்த குழந்தையின் பாதம் போல இளஞ்சிவப்பாக, மெழுகு பூசினாற்போல. தழும்பும் அதே இடத்தில்.

"உரிஞ்சா மறுபடி முளைச்சிடுதுக்கா" என்றான், யாரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பது போல.

தொட்டியைக் காலி செய்திருக்கலாம். ஆனால் ஏன் என்று மேலாளர் கேட்பார், நான்கு குவளை வெளியே வரும். சோதனைப் பட்டையைக் கூலன்டில் நனைத்து, இரண்டு நாள் இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். கிருமி இருந்தால் சிவப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். ஒரு புள்ளிகூட இல்லை. தொட்டியில் உயிருள்ளது எதுவும் இல்லை. அந்த நிம்மதியில் பட்டையைத் தொட்டி மூடிமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல நான்கு குவளை ஊற்றினாள்.

தினமும் கூடை கனத்தது. தினமும் குப்பையில் கொட்டினாள். குப்பைத் தொட்டி மட்டும் நிறையவே இல்லை. அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகும் ஒரு லேத் ஓடியது. இரும்பை வெட்டும் சத்தம் இல்லை. ஈரச் சத்தம். கரும்பு நொறுங்குவது போல.

ஏழாவது.

தம்பி முதுகு காட்டி நின்றான். இரண்டு கைகளும் முழங்கை வரை சக்குக்குள். வெள்ளைக் கூலன்ட் இளஞ்சிவப்பானது. சிவப்பானது. தடுப்புக் கண்ணாடியில் துண்டுதுண்டாகத் தெறித்தது. ஒரு துண்டில் மோதிரவிரல் முழுசாக இருந்தது.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள்.

சக் தயங்கித் தயங்கி நின்றது. அவன் திரும்பினான். கைகள் இருந்த இடத்தில் இரண்டு எலும்பு முனைகள். முகத்தில் அப்படியொரு அமைதி.

"இப்ப அரிக்கலக்கா."

அப்படியே சரிந்தான்.

அவனைத் தாங்கக் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் தொட்டி மூடி அசைந்தது. சோதனைப் பட்டை வழுக்கி அவள் காலடியில் விழுந்தது.

வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

மூடி உயர்ந்தது.

விளிம்பில் விரல்கள். ஒரு ஜோடி. மூன்று. ஆறு. தொளதொளப்பு இல்லை. உள்ளே ஏதோ நிறைந்திருந்தது. எல்லாக் கட்டைவிரலிலும் பிறை.

ஒரு கை தரையைத் துழாவியது. மருந்துக் குவளையைத் தொட்டது. எடுத்தது.

மற்ற கைகள் அதைத் தாங்கிப் பிடித்தன. பாலுக்குக் குவளை நீட்டுகிற பிள்ளைகளைப் போல அவளை நோக்கி உயர்த்தின.

குவளை காலியாக இருந்தது.