ரிஜெக்ட் ஆன சக்கரம்

ஹீனாவின் அத்தா லால் பாஷாவுக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வளையங்களைச் சோதிப்பது அவர் வேலை. வளையம் முடியளவு கோணலாக இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார்.

வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்கியதும் அவர் முதலில் எடுத்தது அளவு டேப்பைத்தான். கூடத்துச் சுவரில் அகலமாகக் கட்டம் போட்டு, அதற்குள் வெள்ளை பெயின்ட் அடித்தார்.

"ஒரு இஞ்ச் கூட காலியா இருக்கக் கூடாது. கட்டம் ரொம்பி படம் வரணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுக் கருப்பாயி ஒரு பென்டிரைவோடு வந்தார். கூடவே அவர் மகள் சுப்ரியாவும் வந்தாள். அவளும் ஹீனாவும் ஒரே வகுப்பு.

கருப்பாயிக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். சுப்ரியா அதை நம்பவே இல்லை. "எங்கம்மா பஸ்ஸைப் பிடிக்கக் கூட ஓட மாட்டாங்க" என்பாள்.

பழைய வீடியோ கேசட்டில் கிடந்த அந்தப் பந்தயத்தைச் சுப்ரியாவின் மாமா இப்போதுதான் பென்டிரைவில் ஏற்றி அனுப்பியிருந்தார். கருப்பாயியே அதைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் இன்றைக்காவது நம்பிவிடுவாள் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஜன்னலைச் சாத்தினார்கள். கட்டம் நிறையப் படம் வந்தது. ஆனால் மைதானத்தில் நின்ற எல்லோரும் குட்டையாகி, பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தார்கள்.

"இதுல நீ எதும்மா?" என்று கேட்டாள் சுப்ரியா.

"அந்தா, மூணாவது கோட்டுல நிக்கிறேன்ல."

சுப்ரியா குபுக்கென்று சிரித்துவிட்டாள். ஹீனாவுக்கும் சிரிப்பு வந்தது. லால் பாஷா இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும்ணே, நிப்பாட்டுங்க" என்று கருப்பாயி எழுந்தார். "நான் அப்பவே இப்படித்தான் இருந்திருக்கேன் போல."

ஹீனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

நிறுத்தி வைத்த படத்தை அவள் உற்றுப் பார்த்தாள். மைதானத்து ஓரத்தில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் சக்கரங்கள் இரண்டும் படுக்க வைத்த முட்டை மாதிரி இருந்தன.

"கொஞ்சம் உக்காருங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தாள்.

படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தினாள். 'ஜூம்' வந்தது. உப்பல் போய்விட்டது. ஆனால் மேலே தலைகளும் கீழே கால்களும் வெட்டுப்பட்டுப் போயின.

"ஓட்டப் பந்தயத்துல காலையே காணோமே" என்றாள் சுப்ரியா.

மறுபடி அழுத்தினாள். அந்தக் காலத்து டிவி அளவான 4:3 வந்தது. படம் ஒடுங்கி நடுவில் நின்றது. எல்லோருக்கும் தலையும் காலும் இருந்தன.

"இதென்னாம்மா, ரெண்டு பக்கமும் காலியா இருக்குது?" என்றார் லால் பாஷா. "அடிச்ச பெயின்ட் என்னாத்துக்கு?"

ஹீனா முதலில் வந்த உப்பலான அளவுக்கே மாற்றினாள்.

"அத்தா, அந்த சைக்கிள் சக்கரத்தைப் பாருங்க. உங்க கம்பெனியில அதை விடுவீங்களா?"

அவர் டேப்போடு சுவருக்குப் போனார். அவர் தலையின் நிழல் மைதானம் முழுக்க விழுந்தது. ஓரமாக நகர்ந்து, சக்கரத்தைக் குறுக்கே ஒரு தடவையும் நெடுக்கே ஒரு தடவையும் அளந்தார்.

"ரிஜெக்ட்" என்றார்.

ஹீனா 4:3க்கு மாற்றினாள். அவர் மறுபடி அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தன. காலியாகக் கிடந்த பெயின்டை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஓகே. இப்படியே ஓடட்டும்."

விசில் ஊதியது. இரட்டைச் சடை போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி மூன்றாவது கோட்டிலிருந்து பாய்ந்தாள். சுப்ரியா முட்டி போட்டுச் சுவருக்குக் கிட்டே போய்விட்டாள். அந்தப் பெண் ரிப்பனை அறுத்துக்கொண்டு போனபோது படத்தில் வேறு ஒருவரும் இல்லை.

"அம்மா, கூட ஓடினவங்கெல்லாம் எங்கம்மா?"

கருப்பாயி சேலையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருடி. அவளுக வர இன்னும் நேரம் இருக்கு."